வாயிற்பலகைக்கு வாசகம் தந்த ஞானதாஸ் அவர்களுக்கு

பஞ்சைத் தொட்ட மாத்திரத்தில் பதம் சொல்லும் பண்பாளரே! நூலுக்கும் நாவுக்கும் ஒரே அளவுகோல் வைத்த நேர்மையாளரே! தாடிக்கொம்புச் சாலையில் நிற்கும் நம் நூற்பாலையில் தரப் பிரிவைத் தலைமையேற்று நடத்தி, இன்று ஓய்வு பெற்று இல்லம் ஏகும் எங்கள் ஞானதாஸ் ஐயா அவர்களே! வணங்கி வாழ்த்துகிறோம்.

தங்கள் பணிக்காலம் முழுவதையும் பாடத் தொடங்கினால் பந்திச் சோறு ஆறிப்போகும். ஆகவே, 1999ஆம் ஆண்டின் ஒரு நாளை மட்டும், கோன் பிரிவுப் பெருமாயி பட்ட பாட்டோடு சேர்த்துச் சொல்கிறோம்.

அப்போது நம் ஆலைக்கு ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழ் கிடைத்திருக்கவில்லை. கிடைத்தால் வெளிநாட்டு ஆர்டர் வரும். புது மிஷின் ஓடும். அகரத்திலிருந்து தற்காலிகமாக வந்துகொண்டிருந்த பெருமாயிக்கு வேலை நிரந்தரமாகும். கிடைக்காவிட்டால் மறுபடியும் வெயிலில் களையெடுப்புத்தான். அதனால் அந்த மூன்றெழுத்தைச் சாமி பெயர் போல அவள் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வேலை பார்த்தாள்.

அந்தச் சான்றுக்காகத் தணிக்கையாளர் வருமுன் ஆலையின் தரக் கொள்கையை ஊரறிய வாயிலில் எழுதி வைக்க வேண்டும் என்றார்கள். ‘உலகம் வியக்கும் குறையற்ற நூல்’ என்று மேலாளர் வாசகம் அமைத்தார். பெயிண்டர் ஏணியில் ஏறிவிட்டார். தாங்களோ ஏணியைப் பிடித்துக்கொண்டு, “போன வாரம்தான் ரெண்டு மூட்டை திரும்பி வந்துச்சு. குறையே இல்லன்னு கேட்டுல எழுதுனா, எறக்கிட்டுப் போன லாரிக்காரனே சிரிப்பான் சார்” என்றீர்கள். வாசகம் இல்லாமல் பலகை ஒரு வாரம் வெறுமையாய் நின்றது. பின்பு தாங்கள் எழுதித் தந்தது இது:

கேட்ட நூலைக் கேட்ட நாளில் தருவோம். தவறு நேர்ந்தால் மறைக்காமல் பிரித்து வைப்போம். அது மறுபடி நேராமல் காப்போம்.

இது கம்பெனி பெருமையா, காவல் நிலைய வாக்குமூலமா என்று மேலாளர் கேலி செய்தார். முதலாளி மட்டும் அதையே எழுதச் சொன்னார்.

தணிக்கை நாளும் வந்தது. வருகிறவர் மனம் குளிர வேண்டுமே என்று, பெருமாயியும் அவளோடு வேலை பார்த்த செபாஸ்தியம்மாளும் விடியற்காலையிலேயே வந்து, நூல் சுற்றிய கோன்கள் நிற்கும் வண்டிகளைச் சிங்காரித்தார்கள். தடித்த நாற்பதாம் நம்பர் நூலுக்கு ரோஸ் கோன், மெல்லிய அறுபதாம் நம்பருக்குப் பச்சைக் கோன். தனித்தனி வண்டியில் நிற்க வேண்டிய அவற்றை ஒரு ரோஸ், ஒரு பச்சை என்று மாற்றி மாற்றி அடுக்கினார்கள். திருவிழாக் கதம்பம் தோற்றது போங்கள்! பார்த்துப் பார்த்துப் பூரித்தார்கள். அதற்குள் பேக்கிங் பிரிவார் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், வழக்கமான அவசரத்தில் அப்படியே பெட்டிகளில் அடைத்து ஒட்டிவிட்டார்கள். எந்தப் பெட்டிக்குள் எது என்று எவருக்கும் தெரியவில்லை. வாயிலில் தணிக்கையாளரின் கார் ஹாரன் அடித்தது.

“இங்க என்ன பூக்கடையா வச்சிருக்கீங்க?” என்று தாங்கள் போட்ட சத்தத்தில் மிஷின் சத்தமே அடங்கியது. பெட்டிகளைக் கழிவுப் பஞ்சுக் குடோனில் போட்டுப் பூட்டச் சொன்னார் மேலாளர்.

“அப்ப கேட்டுப் போர்டையும் கழட்டி அது மேலயே போட்டுப் பூட்டுங்க சார்” என்றீர்கள்.

அந்த ஒரு பேச்சுக்குத் தங்கள் வேலையே போயிருக்கலாம். ஆனாலும் கலந்த பெட்டிகளை நடுக்கூடத்தில், சிவப்பு அட்டை கட்டி, எல்லாரும் பார்க்க வைத்தீர்கள். தான்தான் அடுக்கியது என்று தங்களிடம் ஒப்புக்கொண்ட பெருமாயி, தணிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வதென்று கேட்டாள். “எங்கிட்டச் சொன்னதையே சொல்லு தாயி” என்றீர்கள்.

தணிக்கையாளர் நேரே அவளிடம்தான் வந்து நின்றார். தரக் கொள்கை என்னவென்று கேட்டார். மனப்பாடம் செய்த மூன்று வரியும் அவளுக்குக் காற்றில் பறந்துவிட்டது.

“எல்லாம் மறந்துபோச்சு சார். அழகா இருக்கட்டும்னு நாந்தான் மாத்தி அடுக்கிப்புட்டேன். அந்தா, பிரிச்சு வச்சிருக்கோம். சாயங்காலத்துக்குள்ள ஒண்ணொண்ணாத் திறந்து பார்த்துருவோம்.”

அவர் பெட்டிகளைப் பார்த்தார், பெருமாயியைப் பார்த்தார், கோட்டிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, “மறக்கலியேம்மா” என்றார். ஆனாலும் குறையைக் குறையென்றே குறித்துக்கொண்டார். பேக்கிங் முறையைத் தாங்கள் மாற்றியமைத்த பிறகு, இன்னொரு முறை வந்து பார்த்தே சான்று வழங்கினார். அது வந்த அன்று ஷிப்டு முடிந்தும் ஒருவரும் கிளம்பவில்லை; அகரம் பஸ் ஆளில்லாமல் போனது. பெருமாயி இன்று கோன் பிரிவின் நிரந்தரத் தொழிலாளி, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள்.

ஐயா! இம்மடலின் முதல் படியில் தங்களைச் ‘சினமே அறியாச் செம்மல்’ என்று எழுதியிருந்தோம். வாசிக்கக் கேட்ட பெருமாயி, “அன்னைக்குப் போட்ட சத்தம் இன்னும் காதுல கெடக்கு. அதை எடுங்க. ஐயா போர்டுக்கே பொய் எழுத விடாதவரு, அவரு மடல்ல நாம எழுதலாமா?” என்றாள்.

எடுத்துவிட்டோம். எனவே, கோபக்காரரே! எங்களைக் குறையோடு நிமிர்ந்து நிற்க வைத்த கொற்றவரே! இந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மீதமிருக்கும் சொல் ஒவ்வொன்றையும் தாங்கள் தாராளமாகச் சோதித்துக்கொள்ளலாம். உடல்நலம் ஓங்க, உறவு சூழ, நீடு வாழ்க!

என்றும் தங்கள் சொல் நின்ற வாயிலைக் கடந்து வேலைக்கு வரும்
கோன், பேக்கிங் பிரிவுத் தொழிலாளர்கள்
திண்டுக்கல், 2006