எவுதோசியாவின் வலது கை

கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் அடுப்புப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். இது நம்ம சலவைப் பிரிவு கியெர்மினாவின் நாத்தனாருக்கு நடந்தது. கியெர்மினா பொய் சொல்கிறவள் இல்லை. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் இந்நேரம் சூப்பர்வைசர் ஆகியிருப்பாள்.

இரவு இரண்டு மணி. ஓருரோ டவுனிலிருந்து மலைமேல் சுரங்கக் குடியிருப்புக்கு ஏறும் மண் ரோடு. மருந்துக்கு ஒரு விளக்கு கிடையாது. காற்று... வெறும் காற்று. அந்த ரோட்டில் ஆஸ்பத்திரி வண்டி ஒன்று ஏறுகிறது. ஓட்டுகிறவன் காசிமிரோ. பின்னால் நர்ஸ் எவுதோசியா, நான் சொன்ன அந்த நாத்தனார். ஸ்டிரெச்சரில் ஃபோர்த்துனாத்தோ கிழவன். நாற்பது வருடம் வெள்ளீயம் வெட்டியவன். நுரையீரலில் புற்று. இனி வைத்தியம் இல்லை, வீட்டில் போய்ச் சாகட்டும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

புற்றுநோய் வார்டில் எவுதோசியாவின் கைக்கு ஒரு பேர் உண்டு. கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்வாள். ஊசிக்கு அடங்காத வலி அவள் குரலுக்கு அடங்கும். சாகிறவர்கள் முகம் தெளிந்து சாவார்கள். அவளுக்கும் அது வேண்டியிருந்தது. ஒருவர் நல்லபடியாகப் போனால்தான் அன்றைக்கு அவளுக்குத் தூக்கம். கிழவனையும் அப்படி அனுப்பிவைக்க வேண்டும்... அவ்வளவுதான் அவள் நினைப்பு.

கிழவனுக்கு ஒரே பயம். செத்த பிறகும் மாமன் கீழே இழுத்துப் போய் வேலை வாங்குவான் என்று. மாமன் என்றால் வேறு யார், கொம்பும் சிவந்த கண்ணுமாகச் சுரங்கத்துக்குள் மண் சிலையாக உட்கார்ந்திருக்கிறானே, அந்தச் சுரங்கப் பிசாசுதான். செவ்வாயும் வெள்ளியும் அவன் வாயில் சிகரெட் பற்றவைக்காமல் எவனும் உளியைத் தொட மாட்டான். மேலே ஆண்டவர், கீழே மாமன். ஜெபத்தை வாசலோடு நிறுத்திவிட வேண்டும். உள்ளே ஆண்டவர் பெயரை எடுக்கக் கூடாது.

"தாயி... சுரங்க வாசல்ல கொஞ்சம் நிறுத்தச் சொல்லு. ஒரு சிகரெட் வச்சு, போறேன்னு சொல்லிக்கிட்டா விட்டுடுவான்."

"ஆக்சிஜன் சிலிண்டரை வச்சுக்கிட்டு சிகரெட்டா? மூணு பேரும் ஒண்ணாப் போகலாம்னு பாக்கறீங்களா தாத்தா?"

"நான் எறங்கித் தள்ளி வச்சுட்டு வரேன் சிஸ்டர்," என்றான் காசிமிரோ. "எங்கப்பனும் அந்தக் குழியில கெடந்தவன்தான். இன்னிக்கு வெள்ளிக்கிழமை வேற. நிறுத்தாமப் போறது நல்லதில்ல."

"நீ ரோட்டைப் பாரு. இந்த வண்டியில ஆண்டவர் இருக்கார். பிசாசுக்கு நெருப்புக் குச்சி கிழிக்கவா நான் வந்தேன்?"

வாசல் வந்தது... போனது. காசிமிரோ தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான்.

எவுதோசியா தன் கழுத்து ஜெபமாலையைக் கழற்றிக் கிழவன் நெஞ்சில் வைத்தாள்.

"அங்க வேணாம் தாயி! தலைமாட்டுல வை, கால்மாட்டுல வை. நெஞ்சுக்குள்ள நாப்பது வருஷத் தூசி கெடக்கு. அது அவன் எடம்."

அவளும் சுரங்கக்காரன் மகள்தான். தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மேலே தோலைப் பார்த்தாளே தவிர, உள்ளே கிடப்பதை நினைக்கவில்லை. வலது கையால் அவன் கையைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"பயப்படாதீங்க தாத்தா. எங்க போனாலும் இந்தக் கைய நான் விடமாட்டேன்."

"ஐயோ... வார்த்தை குடுக்காதடி!"

"விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே..."

டொக்.

முதலில் வண்டிக்கு அடியில் கல் பட்டது என்று நினைத்தாள். டொக்... டொக். கிழவனின் நெஞ்சுக்குள்ளிருந்து. பாறையில் உளி இறங்கும் ஓசை. வெடிமருந்து நெடி மூக்கில் ஏறியது. கூடவே சுரங்கத்தில் தேங்கும் செம்புக் கழிவுத் தண்ணீர் நாற்றம்.

கிழவன் எழுந்து உட்கார்ந்தான். முப்பத்தைந்து கிலோ எலும்பு... ஸ்டிரெச்சர் வார் இரண்டும் நூல் மாதிரி அறுந்தன. சிலிண்டர் பறந்து போய் காசிமிரோவின் பிடரியில் மோதியது. வண்டி ரோட்டை விட்டு இறங்கிப் பாறையில் முட்டி நின்றது.

எவுதோசியா கையை இழுத்தாள். வரவில்லை. கிழவனின் விரல்கள் இறுகின. அவள் மணிக்கட்டு எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. நெஞ்சில் கிடந்த மாலை தோலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, சேற்றில் கல் இறங்குகிற மாதிரி. பிறகு விலா எலும்புகள் முறியத் தொடங்கின. ஒன்று... இன்னொன்று. சுரங்கம் சரிவதற்கு முன்னால் முட்டுக் கட்டைகள் முறியுமே, அதே ஓசை. எல்லாம் உள்ளிருந்து வெளியே முறிந்தன.

கிழவன் தன் இன்னொரு கையால் தன் விரல்களையே பிய்த்தான். ஒவ்வொன்றாகப் பின்னால் மடக்கி ஒடித்தான். அவள் கை விடுபட்டதும், சரிவு வரும்போது சுரங்கத்தில் கத்துவது போலக் கத்தினான்.

"ஓடு!"

அவன் நெஞ்சு உள்ளே அமிழ்ந்தது. வாயிலிருந்து சாம்பல் நிறச் சேறு... வாளி வாளியாக.

வலிப்பு, விபத்து என்று டாக்டர் முடித்துவிட்டார். உடம்பைக் கழுவும்போது தேடிப் பார்த்தார்கள், ஜெபமாலை கிடைக்கவில்லை.

எலும்பு கூடியது. ஆனால் மணிக்கட்டில் ஐந்து விரல் தடம் போகவில்லை. அவள் கியெர்மினாவின் வீட்டில்தான் படுப்பாள். செவ்வாய், வெள்ளி இரவுகளில் வலது கை தானாகக் கட்டிலிலிருந்து தொங்கும். விரல் முட்டி தரையில் தட்டும். டொக்... டொக். கொஞ்சம் பொறுத்து, தரைக்கு அடியிலிருந்து பதில் வரும்.

பிடரியில் தையலோடு தப்பிய காசிமிரோதான் சொன்னான்: "அன்னிக்கு வைக்காதத இப்ப வைங்க."

வைத்தார்கள். கட்டிலடியில் ஒரு சிகரெட். நெருப்பு கனியும், மங்கும், கனியும்... யாரோ இழுப்பது போல. கை அமைதியாகக் கிடக்கும். ஜெபக்காரி எவுதோசியா பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி வைத்தாள்.

போன மாதம் சாலை மறியல் வந்ததே? லாரி வரவில்லை. கடையில் ரொட்டி இல்லை, சிகரெட்டும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி அலறல் கேட்டுக் கியெர்மினா விளக்கைப் போட்டாள். எவுதோசியா தரையில் குப்புறக் கிடந்தாள். வலது கை முழங்கைவரை சிமெண்டுத் தரைக்குள்.

கியெர்மினாவும் அவள் புருஷனும் தோளைப் பிடித்து இழுத்தார்கள். கீழேயும் யாரோ இழுத்தார்கள். தோள்மூட்டு கழன்றது. விடியும்போதுதான் கை வெளியே வந்தது. தோல் உரிந்து, நகக்கண்ணெல்லாம் சாம்பல் சேறு. தரையில் ஒரு கீறல் இல்லை.

வேலையை விட்டுவிட்டாளா என்று கேட்கிறீர்கள். இல்லை, மேல் மாடியில் அதே புற்றுநோய் வார்டில்தான் இருக்கிறாள். இப்போதும் ஜெபம் சொல்கிறாள், இப்போதும் முகம் தெளிந்துதான் சாகிறார்கள். ஆனால் இடது கையை மட்டும்தான் கொடுப்பாள். நேற்று ஒரு நோயாளி, "அந்தக் கையையும் குடு தாயி, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிறேன்," என்று கெஞ்சினார்.

உறை போட்ட வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"அது கீழ ஷிஃப்டுல இருக்கு தாத்தா."