ஆர்வில் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பிஸ்டல் திருட்டுப் பொருள் அல்ல

என் பெயர் வெல்டா மேக்ஃபீ. வயது அறுபத்தொன்பது. காலஞ்சென்ற ரைமர் மேக்ஃபீயின் மனைவி. வயோமிங் மாநிலம், பெல்நாப் ஊருக்கு வடக்கே பதினான்காவது மைலில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்று, தற்போது கோழி வளர்க்கிறேன். இதைப் பதிவு செய்யும் காவல் அதிகாரி, துணை ஷெரீஃப் டானா ஹெரெரா என் பேருந்தில் பள்ளிக்கு வந்தவர், கடைசி சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஆரஞ்சுத் தோல் எறிந்தவர். அதை எழுத வேண்டாம் என்றார். எழுதினால்தான் மேற்கொண்டு பேசுவேன் என்று சொன்னேன்.

என்னை யாரும் அழைத்து வரவில்லை. துப்பாக்கிக் கடை ஆர்வில் பெக்ஸ்ட்ரம் திருட்டுப் பொருள் வாங்கியதாகச் சொல்லி நேற்று அவர் கடையைப் பூட்டிவிட்டார்கள் என்று இன்று காலை தபால் நிலையத்தில் கேள்விப்பட்டு நானாகவே இங்கு வந்தேன். அவருடைய கண்ணாடிப் பெட்டியில் இருந்த கறுப்புப் பிஸ்டலை அவரிடம் கொடுத்தது நான். அது திருடு போனதாகப் பொய் சொன்னதும் நான்.

மேற்படி பிஸ்டலை கடந்த கிறிஸ்துமஸ் அன்று என் மகள் ஜோலீனின் கணவர் டிரென்ட் ஹாலர் எனக்குப் பரிசாகக் கொடுத்தார். டிரென்ட் ஊர்ச் சுடுதிடலில் ஞாயிறுதோறும் புதியவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கிறார். என் கணவர் இறந்தபின் நான்கு குளிர்காலமாக, நான் கேட்காமலே, வேலைக்குப் போகும் வழியில் வந்து என் வாசல் பனியைத் தள்ளிவிட்டு, கதவைக்கூடத் தட்டாமல் போகிறவர். அப்படிப்பட்ட பிள்ளையின் மனதை நோகடிக்க எனக்கு வாய் வரவில்லை. இந்த வில்லங்கம் எல்லாம் அதனால் வந்ததுதான்.

அதன் பிறகு மார்ச் மாதம் பனி உருகியதும் டிரென்ட் என்னைத் திடலுக்கு அழைத்துப் போனார். எனக்கு இரண்டு கட்டைவிரல் மூட்டும் வீங்கியவை. சுடுவதற்கு முன் அந்தப் பிஸ்டலின் மேல்பகுதியைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட வேண்டும். என்னால் அதை அசைக்கவே முடியவில்லை.

"ஒண்ணுமில்ல அத்தை, இறுக்கிப் புடிச்சு ஒரே இழுப்பு. அவ்ளோதான்" என்றார் டிரென்ட்.

"அவ்ளோதானா? ஊறுகாய் பாட்டில் மூடியவே நான் கதவிடுக்குல வச்சுத் திருகுறவ."

அதன் பிறகு அவரே இழுத்துக் கொடுத்தார், நான் சுட்டேன். மூன்றாவது தோட்டா சிக்கிக்கொண்டது. மணிக்கட்டைத் தளர விட்டது என் குற்றம் என்றார். ஐந்தாவது சுடும்போது, வெளியே தெறித்த காலித் தோட்டா கொதிக்கக் கொதிக்க என் சட்டைக் கழுத்துக்குள் விழுந்தது. நான் குதித்த குதியைப் பார்த்துத் திடலில் இருந்த அனைவரும் சிரித்தார்கள். குதிக்கும்போதும் துப்பாக்கி முனையை நான் இலக்கை விட்டுத் திருப்பவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

பழைய மாதிரி ரிவால்வர் ஒன்று கிடைக்காதா என்று கேட்டதற்கு டிரென்ட், "அது தாத்தா காலத்துச் சாமான் அத்தை. அஞ்சே அஞ்சு தோட்டா. மியூசியத்துல வைக்கலாம்" என்றார். ரிவால்வர் கொண்டுவரும் எல்லாரிடமும் அவர் இதையேதான் சொல்வார்.

"வீட்டுக்குள்ள எவனாவது புகுந்தா, உனக்குப் போன் போட்டு, கொஞ்சம் வந்து இழுத்துக் குடுத்துட்டுப் போப்பான்னு கூப்பிடவா?" என்று கேட்டேன்.

"பழகிடும் அத்தை" என்றார். பழகவில்லை.

அதன் பிறகு ஏப்ரல் மாதம் பிஸ்டலை எடுத்துக்கொண்டு ஆர்வில் கடைக்குப் போனேன். அவர் என் விரல்களைப் பார்த்தார். மரப்பிடி போட்ட சின்ன ரிவால்வர் ஒன்றை எடுத்து வைத்தார். தோட்டாவைத் தட்டும் அதன் சுத்தியல் உள்ளுக்குள் மறைந்திருப்பதால் கோட்டுப் பைத் துணியில் சிக்காது. தோட்டா போடும் உருளையைத் திறந்தால் ஐந்து அறை. தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணாடி போடாமலே தெரிந்தது. கடைக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் சுட்டுப் பார்த்தேன். விசை நீளமாகவும் கனமாகவும் வந்தது, ஆனால் அது ஆள்காட்டி விரல் பாடு, கட்டைவிரலுக்கு அதில் வேலையே இல்லை. ஐந்து முறை சுட்டதில் நான்கு, இலக்காக வைத்த காகிதத் தட்டில் பட்டன. எதுவும் சிக்கவில்லை, எதுவும் தெறிக்கவில்லை. காலித் தோட்டாக்கள் உருளையிலேயே சமர்த்தாக இருந்தன, கம்பியை அழுத்தியதும் உள்ளங்கையில் விழுந்தன. எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. அந்தப் பிஸ்டலைக் கொடுத்து இதை மாற்றிக்கொண்டேன். ஆர்வில் முறைப்படி என் பெயரைத் தன் பதிவேட்டில் எழுதினார்.

"இது என் மருமகனுக்குத் தெரியவே கூடாது" என்றேன். அதற்கு ஆர்வில் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. காரணம் கேட்டதற்கு, "எங்கிட்ட சொன்னது எங்கிட்டயே இருக்கும் வெல்டா" என்றார்.

அன்று முதல் ரிவால்வர் என் கோட்டுப் பையில் இருந்து வருகிறது. கோழிக் கூண்டுக்கும் கடைக்கும் தேவாலயத்துக்கும் என்னோடு வருகிறது. ஆர்வில் சொன்னபடி முதல் அறையில் பாம்புக்கான தோட்டா, அதாவது நுனியில் நீல மூடி போட்டு உள்ளே பொடிக் குண்டுகள் நிரப்பியது. மற்ற நான்கும் சாதாரணத் தோட்டாக்கள். ஜூன் மாதம் முட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் சுருண்டிருந்த சலங்கைப் பாம்பை ஒரே சூட்டில் முடித்தேன். முட்டை ஒன்றுகூட உடையவில்லை.

இந்நிலையில் கடந்த ஞாயிறு மகள் வீட்டில் மதியச் சாப்பாட்டின்போது, உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே டிரென்ட், "அத்தை, பிஸ்டலக் குடுங்க, துடைச்சு எண்ணெய் போட்டுத் தரேன்" என்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வண்டியில வச்சிருந்தேன், காணோம்ப்பா. எவனோ எடுத்துட்டான் போல" என்று சொல்லிவிட்டேன். அப்போதும் ரிவால்வர் என் பையில்தான் இருந்தது.

அதன் பிறகு திங்களன்று டிரென்ட், பொறுப்புள்ளவர் செய்வது போல, பிஸ்டலின் எண்ணோடு இங்கு புகார் கொடுத்தார். எனக்குச் சொல்லவில்லை. நேற்று புதன்கிழமை டானா அதே எண்ணுள்ள பிஸ்டலை ஆர்வில் கடையில் பார்த்து விசாரித்ததற்கு, "கோர்ட் காகிதம் கொண்டா, பதிவேட்டக் காட்டுறேன்" என்றதோடு ஆர்வில் வாயை மூடிக்கொண்டார். வியாபாரம் சூடுபிடிக்கும் மான் வேட்டை தொடங்க ஒரு வாரமே இருக்கும்போது, எனக்குக் கொடுத்த வாக்குக்காக மனிதர் தன் கடையைப் பூட்ட விட்டிருக்கிறார். நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்த இடத்தில் வாக்குமூலம் நிறுத்தப்பட்டு, புகார்தாரர் என்ற முறையில் டிரென்ட் அழைக்கப்பட்டார். பத்தே முக்கால் மணிக்கு வந்தார். முன் மேசையைத் தாண்டி உள்ளே வருகிறவர் யாராயினும் துப்பாக்கியை அங்கிருக்கும் சாம்பல் நிறத் தட்டில் வைக்க வேண்டும். என்னுடையது அதில் இருந்தது. டிரென்ட் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"திருடன் எவனும் இல்ல டிரென்ட். நான்தான் மாத்திக்கிட்டேன். அத என் கையால இழுக்க முடியல. நீ ஆசையாக் குடுத்தது, உங்கிட்ட சொல்ல மனசு வரல, பொய் சொல்லிட்டேன். ஆர்வில் ஒரு தப்பும் பண்ணல" என்று சொன்னேன்.

இனி அந்தப் பிள்ளை என் வாசலுக்கு வரமாட்டார் என்றே நினைத்தேன்.

"உள்ள வரணும்னா உங்களோடதயும் தட்டுல வைங்க" என்று டிரென்டிடம் சொன்னார் டானா.

"என்னோடது வண்டியில இருக்கு."

"அப்ப வலது பாக்கெட்ல புடைச்சுக்கிட்டு இருக்கறது?"

டிரென்டுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அதன் பிறகு அவர் கையை உள்ளே விட்டு ஒரு ரிவால்வரை எடுத்துத் தட்டில் வைத்தார். அதே அளவு, அதே மரப்பிடி, உள்ளே மறைந்த சுத்தியல். டானா உருளையைத் திறந்தார். ஐந்து தோட்டா. முதலாவதில் நீல மூடி.

"அடப்பாவி! மியூசியம்னு சொன்ன வாயா இது?" என்றேன்.

"பெரிய பிஸ்டல் வண்டியில உக்காந்தா இடுப்புல குத்துது அத்தை. இது இருக்கறதே தெரியல. ரெண்டு வருஷமா வச்சிருக்கேன். ஜோலீனுக்குக்கூடத் தெரியாது."

"எங்க வாங்கின?"

"ஆர்வில்கிட்டதான். யாருக்கும் சொல்லாதீங்கன்னு கெஞ்சினேன்."

ஏப்ரலில் ஆர்வில் ஏன் அப்படிச் சிரித்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதன் பிறகு நாங்கள் மூவரும் சிரித்ததில் சிறிது நேரம் எழுத்து வேலை நடக்கவில்லை. டிரென்ட் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆர்வில் கடையைத் திறந்துவிட ஆள் போயிருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்க நானும் டிரென்டும் இங்கிருந்து நேராகப் போகிறோம். தட்டில் எது யாருடையது என்று டானாவுக்குத் தெரியவில்லை. பிடி இடுக்கில் கோழித் தீவனத் தூள் இருந்ததை நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த ஆவணம் என் மகள் ஜோலீன் வேலை பார்க்கும் நீதிமன்றப் பதிவறைக்குப் போகும் என்பதால், தன் ரிவால்வர் பற்றிய பகுதியை நீக்கும்படி டிரென்ட் கேட்டுக்கொண்டார். ஒரு பொய் சொல்லிப் பட்டது போதும் என்று மறுத்துவிட்டேன். அவரும் சரி என்றார். இந்த வருடம் பனி விழுந்தால் கதவைத் தட்டுவதாகவும், காபி வேண்டும் என்றும் சொன்னார். அதையும் எழுதச் சொன்னேன்.

டானா முழுவதையும் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது பொய், இன்று சொன்னது அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) வெல்டா மேக்ஃபீ

சாட்சி: (ஒப்பம்) டிரென்ட் ஹாலர்