மல்லாட்டைத் தோல் அடைத்த சுவர்

மல்லாட்டைத் தோலை யாரும் மதிப்பதில்லை. இன்ஸ்பெக்டர் ஐயா தெற்குச் சீமைக்காரர், நிலக்கடலை என்பீர்கள். இந்தப் பக்கத்தில் எங்களுக்கு அது மல்லாட்டை. உடைத்துப் பருப்பை எடுத்தபின் தோலைச் செங்கல் சூளைக்குத் தள்ளிவிடுவார்கள். சத்தத்தை அமுக்குவதில் அதற்கு இணையான பொருள் கிடையாது என்று கண்டுபிடித்தவன் நான். வாக்குமூலத்தை ரைட்டர் எழுதட்டும் என்றீர்கள். அவர் எழுதியதை நேற்றுப் பார்த்தேன், கோழி கிளறின மாதிரி இருந்தது. அதனால்தான் காகிதம் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன்.

என் பெயர் தருமன். சொந்த ஊர் அடி அண்ணாமலை. செங்கம் ரோட்டில் மல்லாட்டை உடைக்கிற மில்லும் அதன் பின்னால் வீடும் இருக்கின்றன. அவை வயிற்றுக்கு. ஊர் என்னைத் தெரிந்துவைத்திருப்பது பாட்டால். இருபது வருஷமாகப் பௌர்ணமிதோறும் மலை சுற்றும்போது எங்கள் பஜனை கோஷ்டிக்கு முன்னால் நின்று பாடுகிறவன் நான்தான். நான் ஒரு அடி எடுத்துக் கொடுப்பேன், பின்னால் வருகிறவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். தேரடித் தெருவில் தையல்கடை வைத்திருந்த ஆதிமூலம் ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் வலது தோளை ஒட்டி நடப்பான். சுப்பிரமணி டோலக். இன்னும் இரண்டு பேர் ஜால்ரா. என் மனைவி தங்கம்மாள் பின்பாட்டு. அடி அண்ணாமலைக் கோயில் வாசலில் நான் குரலை உயர்த்தினால் டீக்கடைக்காரன் பாய்லரை விட்டுவிட்டு வந்து நிற்பான். யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம், அதாவது எண்பத்திரண்டில், ஊரில் கேசட் கடைகள் முளைத்தன. சன்னதித் தெருவில் எவனோ மூக்கால் பாடிய சாமி பாட்டைக் கேட்டுக்கொண்டு ஜனங்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மெட்ராஸுக்குப் போய் ஒரு நல்ல டேப் ரிக்கார்டரும் இரண்டு மைக்கும் வாங்கிவந்தேன். ஆனால் என் வீட்டில் ஒரு பாட்டைப் பதிவுசெய்ய முடியாது. முன்னால் பெங்களூர் பஸ் ஹாரன், பக்கத்தில் மில், நாள் முழுக்கத் தகரக் கூரையில் குரங்கு.

அதனால் மில் கிடங்குக்குள்ளேயே ஓர் அறை கட்டினேன். எட்டடிக்கு எட்டடி. ஒரு செங்கல் சுவர், ஒரு முழம் இடைவெளி விட்டு இன்னொரு செங்கல் சுவர், நடுவில் மல்லாட்டைத் தோலைக் கொட்டி உலக்கையால் இடித்து நிரப்பினேன். உள்பக்கம் முழுக்கக் கோணி, அதன்மேல் தேங்காய்நார்ப் பாய். ஜன்னல் இல்லை. மின்விசிறி உறுமும் என்பதால் அதுவும் இல்லை. கதவுக்கு இரட்டைப் பலகை அடித்து ஓரமெல்லாம் கம்பளி வைத்தேன். கம்பளி வைத்த கதவை உள்ளே இருந்து இழுத்தால் சரியாக உட்காராது. வெளியிலிருந்து தோளால் முட்டித் தாழ்ப்பாள் போடவேண்டும். சைகை காட்டுவதற்காகக் கதவில் ஒரு சாண் அகலத்துக்கு இரட்டைக் கண்ணாடி. டேப் ரிக்கார்டரின் மோட்டார் சத்தம் விழக்கூடாதென்று அதை வெளியே வைத்தேன். உள்ளே ஒரு மைக். வெளியிலிருந்து நான் சொல்வது உள்ளே கேட்க வெளியே இன்னொரு மைக், உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர். காற்று எந்த வழியாக வரும் என்று மேஸ்திரி கேட்டார். காற்றா பாடப்போகிறது, நான்தானே பாடப்போகிறேன் என்றேன்.

ஆவணியில் முதல் பதிவு. அந்தச் சின்ன அறையில் ஆர்மோனியம் வைத்தால் என் குரலை விழுங்கிவிடும், வெறும் சுருதிப்பெட்டி போதும் என்று முடிவுசெய்தேன். ஆதிமூலம் தலையைச் சொறிந்தான். பெட்டி வேண்டாம், நான் வாசிக்கிறேன், கோஷ்டியோடு சேர்ந்தே பாடிவிடலாம் என்று மூன்று தடவை சொன்னான். என் குரலோடு தன் வாசிப்பும் கேசட்டில் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறான் என்றுதான் நினைத்தேன்.

பாடி முடித்துப் போட்டுக் கேட்டோம். சுருதிப்பெட்டி ஒரு பக்கம் போனது, குரல் இன்னொரு பக்கம் போனது. நல்ல குரலை இந்த அறை எப்படிக் கெடுத்திருக்கிறது பார் என்றேன். ஆதிமூலம் தரையைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றான்.

மூன்று மாதம் அந்த அறையோடு மல்லுக்கு நின்றேன். மைக்கை மாற்றினேன். சுவரை இரண்டு தடவை பிரித்து இன்னும் நாற்பது மூட்டை தோல் திணித்தேன். கூரைக்கு இரண்டாவது பலகை அடித்தேன். ஐப்பசி மழையில் தோல் ஈரம் கோத்துக்கொண்டு நாறியது. குமுட்டி அடுப்பில் கரியைப் போட்டு உள்ளே ஒரு மணி நேரம் வைத்து, பிறகு எடுத்துவிட்டுக் கதவைத் திறந்துவைப்போம். ஒருநாள் பொறுமையில்லாமல் அடுப்பு இருக்கும்போதே உள்ளே போய்விட்டேன். தலை சுற்றியது, கால் மடங்கியது. அதற்குமேல் ஞாபகம் இல்லை. கண் விழித்தபோது ஆதிமூலம் என்னை வாசலில் போட்டு முறத்தால் விசிறிக்கொண்டிருந்தான். சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். கரிக்காற்றின் குணம் எனக்கு அன்றைக்குத் தெரிந்தது என்பதை நீங்கள் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

அதற்கு அடுத்த வாரம், சுவரை மூன்றாவது தடவை பிரிக்க ஆள் சொல்லியிருந்தேன். ஆதிமூலம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரூமு மேல தப்பு இல்லணா. இன்னும் எத்தினி மூட்ட கொட்னாலும் இதேதான் வரும்."

"அப்ப எது மேலடா தப்பு?"

"உங்க கொரலு ஒரு எடத்துல நிக்காதுணா. மூணாவது அடியிலயே மேல போயிடும். நான் சத்தமில்லாம கட்டைய மாத்திக்கினு கூடவே வந்துடுவேன். ரொம்ப ஜாஸ்தியா போச்சுன்னா சுப்பிரமணிக்குக் கண்ணு காட்டுவேன். அவன் ஓங்கித் தட்டுவான், எல்லாரும் கத்திப் பாடிடுவாங்க. இருவது வருசமா அப்படித்தாங்ணா. உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான்."

வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். கோஷ்டி பூராவுக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும் என்றான். சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என்மேல் பொறாமைப்பட்டிருந்தால் மன்னித்திருப்பேன். என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்கிறான், ஒரு தையல்காரன்.

வீட்டுக்குள் போய்த் தங்கம்மாளிடம் கேட்டேன். கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதுக்கின்னா இப்போ. சாமிக்குத்தானே பாடறீங்க," என்றாள்.

எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. மலையைச் சுற்றி எட்டரை மைல், மாதம் ஒரு தடவை, இருபது வருஷம். அத்தனை தடவையும் என் முதுகுக்குப் பின்னால் ஒருவருக்கொருவர் கண் காட்டியிருக்கிறார்கள். அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டேன். ஆத்திரக்காரன் என்று யாரும் என்னைச் சொல்லமுடியாது. ஆத்திரக்காரனாக இருந்தால் அங்கேயே அரிவாள்மனையை எடுத்திருப்பேன்.

நிதானமாகவே யோசித்தேன். தெரிந்தவர்கள் ஐந்து பேர். கார்த்திகையில் இந்த வருஷம் நான்கு சோமவாரம். நல்ல நாள், ஒவ்வொருவர் பாட்டையும் தனித்தனியாகப் பதிவுசெய்து கடைசியில் சேர்க்கப்போகிறேன் என்று ஆளனுப்பினேன். முதல் சோமவாரம் ஆதிமூலம். இரண்டாவது சுப்பிரமணி. ஜால்ராக்காரர்கள் இரண்டு பேரும் பிரியாதவர்கள், அவர்களுக்கு மூன்றாவது. நான்காவது தங்கம்மாளுக்கு. அவள் வீட்டிலேயே இருப்பவள், அவசரம் இல்லை.

ஆதிமூலம் பகல் மூன்று மணிக்கு வந்தான். விரதம், காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்தான். ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "கோவம் போயிடுச்சாணா?" என்று கேட்டான். போய்விட்டது என்றேன். முகமெல்லாம் மலர்ந்து ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். மூலையில் குமுட்டி இருந்தது. கரிக்குமேல் சாம்பலைப் பரப்பியிருந்தேன். அவன் அதைக் காட்டி என்ன என்று கேட்டான். அணைந்துதான் இருக்கிறது, நீ வாசி என்றேன். கதவைத் தோளால் முட்டித் தாழ்ப்பாள் போட்டேன். டேப்பை ஓடவிட்டேன்.

கொஞ்ச நேரம் அவன் வாசித்தான். பிறகு வெளி மைக்கைப் பிடித்து நான் பாட ஆரம்பித்தேன். ஸ்பீக்கர் வழியாக உள்ளே அவனுக்குக் கேட்டிருக்கும், உள் மைக் வழியாக டேப்பிலும் விழும். என்னைப் பற்றி அப்படிச் சொன்னவன் ஒரு தடவையாவது ஒழுங்காகக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். மூன்றாவது பாட்டில் ஆர்மோனியம் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு வந்தான். வாய் அசைந்தது. சத்தம் இம்மிகூட வெளியே வரவில்லை. என் சுவர் அவ்வளவு நேர்த்தி. கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டினான். தாளம் போடுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்படி ஒரு கச்சேரி அமைந்ததே இல்லை. முப்பது நிமிஷம் ஓடி டேப் தீர்ந்து பொத்தான் தானாக எழும்பிய பிறகும் இரண்டு பாட்டு பாடினேன். அதற்குமுன்பே அவன் கை கண்ணாடியிலிருந்து இறங்கிவிட்டது.

பிறகு கதவைத் திறந்து போட்டு ஊரைக் கூப்பிட்டேன். எல்லோரும் விபத்து என்றார்கள். நானே மயங்கி விழுந்த கதை ஊருக்கே தெரிந்திருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. அவன் மனைவி பொன்னி என் காலடியில் விழுந்து, உங்களுக்குப் பதிலா அவரு போயிட்டாரே என்று கதறினாள். பாடையில் முன்பக்கத் தோள் கொடுத்தவன் நான். சுடுகாட்டில் பாடவும் பாடினேன். ஆர்மோனியம் இல்லாமல்.

அடுத்த சோமவாரம் சுப்பிரமணி சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டான். நான் கொல்லையில் கரி பற்றவைத்துக்கொண்டிருந்தேன். செத்துப்போனவன் கடைசியாக வாசித்ததைக் கேட்கவேண்டும் என்று அவனாகவே டேப்பைத் தட்டியிருக்கிறான். நான் உள்ளே வந்தபோது ரிக்கார்டர் திறந்து கிடந்தது, கேசட்டும் இல்லை, ஆளும் இல்லை. அடுத்தவன் பொருளைக் கேட்காமல் தொடுகிற புத்தி அவனுக்கு எப்போதும் உண்டு.

அந்த டேப்பை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். என் வாழ்நாளில் நான் அன்றைக்குப் பாடியமாதிரி பாடியதில்லை. நான்கு சோமவாரமும் முடிந்தபின் உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்கலாம் என்று ரிக்கார்டரிலேயே விட்டுவைத்திருந்தேன்.

நேற்று அதை நீங்களே போட்டுக் காட்டினீர்கள். ஆர்மோனியம் ஆதிமூலத்தினுடையது. இருமல் அவனுடையது. "தொறங்கணா, மூச்சு முட்டுது" என்பதும் அவன்தான். கண்ணாடியில் விழுந்த அடிகளில் தாளம் எதுவும் இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். குமுட்டியை வைத்தவன் நான், தாழ்ப்பாள் போட்டவன் நான், அவன் பிழைக்கமாட்டான் என்று தெரிந்தே போட்டேன். மற்ற நான்கு பேரையும் அப்படித்தான் செய்வதாக இருந்தேன். தூக்குத் தண்டனை என்றாலும் ஆட்சேபணை கிடையாது, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த டேப்பில் கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்துக் கடைசிவரை ஒரு குரல் சுருதி விட்டு அலறுகிறதே, அதை என் குரல் என்று உங்கள் ரைட்டர் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஒரு வரியை அடித்துவிடச் சொல்லுங்கள், அது யாரென்று எனக்குத் தெரியாது.