முப்பது ரூபாய்ச் சரிபார்ப்பு

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவார்கள். குறையாகச் சொல்லவில்லை. தோட்டத்து வேலையிலிருந்து அப்படியே வருகிறவர்கள். ரேஷன் கார்டில் பெயர் மாற்ற வேண்டும், நிலத்துக்கு வரி கட்ட வேண்டும், நின்றுபோன பென்ஷன் ஏன் நின்றது என்று பார்க்க வேண்டும். படிவத்தை நான் படித்துச் சொல்வேன், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். எல்லையோர வடகரப்பதியில் பதினோரு வருஷம் இப்படித்தான் கம்ப்யூட்டர் கடை நடத்தினேன்.

சார், நீங்கள் ‘மொழி’ கொடு என்றீர்கள். உங்கள் மலையாளத்தில் வாக்குமூலத்துக்கு அதுதான் பெயர் என்று எனக்குத் தெரியும். மலையாளம் எனக்கு எழுதவும் வரும். இருந்தாலும் இதைத் தமிழில் எழுதினால்தான் சரியாக வரும் என்று தோன்றியது. பெயர் நல்லதம்பி, வயது நாற்பத்து மூன்று. இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தீர்கள். அதையும் பதிவில் சேர்த்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் நான் செய்தது நல்ல காரியம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இளநீர் வியாபாரி பொங்கியண்ணன் கையில் போனை வைத்துக்கொண்டு வந்தார்.

“எல்லாரும் இந்தக் கிரிப்டோல காசு போடறாங்களாமா. நம்முளும் கொஞ்சம் வாங்கிப் போடலாம்னு இருக்கறனுங்க. இந்த சைட்டு செரியானதுதானுங்களா?”

பார்த்தேன். பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் தளம் போலவே இருந்தது. அதே நிறம், அதே படம். முகவரியில் மட்டும் ஓர் எழுத்து கூடுதல். எப்போது பதிவு செய்யப்பட்ட முகவரி என்று தேடினால் பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. “அண்ணா, இது டூப்ளிகேட்டுங்க” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் கடை வாசலில் ஒரு குலை இளநீர் இருந்தது.

அதன் பிறகு நூலகத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அறுபது பேர் வந்திருந்தார்கள். நான்கு விஷயம் சொன்னேன். ஒன்று, முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். இரண்டு, பூட்டுப் படத்தை மட்டும் நம்பக் கூடாது. வழி பத்திரமானது என்றுதான் அதற்கு அர்த்தம், வழி போய்ச் சேரும் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பூட்டுக்குத் தெரியாது. மூன்று, முகவரி பிறந்த தேதியைப் பார்க்க வேண்டும். நான்கு, பெரிதாகப் போடுவதற்கு முன் சிறிதாகப் போட்டு, அதைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். இதில் எதுவும் பொய் இல்லை. உங்கள் இலாகா ஒட்டுகிற நோட்டீசிலும் ஏறக்குறைய இதுதான் இருக்கிறது.

எல்லாரும் கை தட்டினார்கள். ஆனால் யாரும் வீட்டுக்குப் போய் எழுத்தெழுத்தாகப் படிக்கவில்லை. நேரே என் கடைக்கு வந்தார்கள். “நீங்க பாத்துச் சொல்லிப்போடுங்க” என்றார்கள். பார்த்துச் சொன்னேன். ஒரு தடவைக்கு முப்பது ரூபாய். முகவரியையும் தேதியையும் அச்சடித்து, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று கடை முத்திரை குத்தி ஒரு சீட்டும் கொடுத்தேன். சீட்டைப் பார்த்தால் மக்களுக்கு ஒரு நிம்மதி.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாலும் யாரும் திரையைப் பார்ப்பதில்லை. என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் தலையாட்டினால் உண்மை, உதட்டைப் பிதுக்கினால் போலி. ஒரு படித்த மனிதனுக்கு இது எவ்வளவு வருத்தமான விஷயம் என்று உங்களுக்குப் புரியும்.

நீங்கள் கேட்கிற அந்தப் போலித் தளத்தை நான் உருவாக்கியது நூலக வகுப்பில் காட்டத்தான். போலி எப்படி இருக்கும் என்று வாயால் சொன்னால் மண்டையில் ஏறாது. கண்ணால் பார்க்க வேண்டும். முன்பு சொன்ன அந்தப் பெயர் பெற்ற கம்பெனியின் ஆங்கிலப் பெயரில் ஓர் ‘எம்’ வரும். அந்த இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி வைத்தால், சின்ன எழுத்தில், ‘எம்’ மாதிரியே தெரியும். அந்த முகவரியை வாங்கினேன். மூன்று வாரம் உட்கார்ந்து தளத்தை அமைத்தேன். நூலகத்தில் அடுத்த கூட்டம் மழையால் தள்ளிப் போனது. தள்ளிப் போகாமல் இருந்திருந்தால் நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

கருப்பாத்தாள் அக்கா வந்தது அந்த வாரத்தில். அவர் கணவர் லாரி டிரைவர், வாளையார் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் விபத்தில் இறந்தவர். ஐந்து வருஷம் கழித்து நஷ்டஈடு வந்திருந்தது. மகள் சிவசங்கரி கோயமுத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி. பணம் சும்மா கிடக்காமல் கொஞ்சம் வளரட்டும் என்பது அக்காவின் எண்ணம். காலண்டர் தாளின் பின்பக்கம் மகள் எழுதிக் கொடுத்த முகவரியை மேசையில் வைத்தார்.

“நீங்க கூட்டத்துல சொன்னாப்பலயே நானும் புள்ளையும் ஒவ்வொரு எழுத்தாப் பாத்தமுங்க. பூட்டை மட்டும் நம்பலீங்க. தேதியும் பாத்தா புள்ளை. செரியா இருக்குதான்னு நீங்களும் ஒருக்கா பாத்துப்போட்டீங்கன்னா நிம்மதிங்க.”

பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதே அசல் கம்பெனி, அசல் முகவரி, ஓர் எழுத்துகூடப் பிழை இல்லை. அறுபது பேரில் நான் சொன்னதைச் செய்து பார்த்தவர்கள் இந்தத் தாயும் மகளும்தான்.

“அக்கா, இது போலிங்க” என்றேன்.

அதை ஒரு சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். தான் பார்த்ததில் உறுதி இருந்தால் அவர் மறுத்துப் பேசியிருப்பார். இல்லை தம்பி, நாங்கள் படித்துப் பார்த்தோம் என்று சொல்லியிருப்பார். சொல்வார் என்று காத்துக்கூட இருந்தேன். அவர் நெஞ்சில் கை வைத்து, “அட சாமி, நல்ல வேளைக்கு உங்ககிட்டக் கொண்டாந்தனுங்க” என்றார். அந்தக் காலண்டர் தாளை அவரே கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு, “அப்ப செரியானது எதுங்க?” என்று கேட்டார்.

கேட்டதால் சொன்னேன். என்னுடைய முகவரியை அடித்து, சீட்டு எடுத்து, முத்திரை குத்திக் கொடுத்தேன். சீட்டில் அசல் முகவரியை அச்சடித்திருந்தால் இன்றைக்கு என்மேல் எந்த ஆதாரமும் இருந்திருக்காது. ஆனால் பொய்ச் சீட்டு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் எந்தத் தளத்தில் போடப் போகிறாரோ அதே முகவரிதான் சீட்டில் இருந்தது.

அக்கா முதலில் சிறிதாகத்தான் போட்டார். நாலாவது பாடப்படி திரும்ப எடுத்தும் பார்த்தார். அதை நான்தான் அனுப்பினேன், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல். பிறகு மிச்சம் எல்லாவற்றையும் போட்டார். திரையில் தொகை வளர்வது போலக் காட்டினேன். பேராசை பிடித்தவன் ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்று காட்டியிருப்பான். நான் அளவாகத்தான் காட்டினேன். அக்கா சந்தோஷப்பட்டு அக்கம்பக்கத்தில் சொன்னார். அவர் சொல்லை நம்பி இன்னும் ஐந்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை.

ஆடி மாதம் சிவசங்கரிக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டி வந்தது. அக்கா பணத்தை எடுக்கப் பார்த்தார். முதலில் வரி கட்ட வேண்டும் என்று திரையில் வந்தது. கட்டினார். அடுத்த வாரம் தளம் திறக்கவில்லை. நான்தான் மூடினேன். என்றைக்காவது மூடத்தானே வேண்டும்?

ஐந்து வீட்டுக்காரர்களும் போய் நின்றது கருப்பாத்தாள் அக்கா வீட்டு வாசலில். என் கடைக்கு ஒருவர்கூடச் சண்டைக்கு வரவில்லை. புகார் மனு அடிக்கத்தான் வந்தார்கள். ஐந்து மனுவையும் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தேன். ‘உங்களுக்கு முதலில் சொன்னது யார்?’ என்று கேட்டேன். கருப்பாத்தாள் என்றார்கள். அதையே முதல் பத்தியில் போட்டேன், ‘ஆசை காட்டி ஏமாற்றினார்’ என்று. மனு என்றால் ஒரு பெயர் வேண்டும். அக்கா இரண்டு மாட்டையும் வீட்டுக்குப் பின்னால் இருந்த அரை ஏக்கரையும் விற்று, அந்த ஐந்து பேருக்கும் முடிந்தவரை கொடுத்தார். மறையூரில் கரும்பு வெட்டும் வேலை இருக்கிறது என்று போய்விட்டார். சிவசங்கரி படிப்பை விட்டுவிட்டு ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

அவள்தான் கண்டுபிடித்தாள். போன மாதம் மத்தியானத்தில் கடைக்கு வந்தாள். அம்மாவின் பாஸ்புக்குக்குள் என் சீட்டு இருந்திருக்கிறது. அதைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி என் முன்னால் வைத்தாள்.

“அண்ணா, இதை ஒருக்கா வாசிங்க.”

வாசித்தேன்.

“எம்முன்னு வாசிக்கறீங்க. நல்லாப் பாருங்க. அது எம் இல்லீங்க.”

அவள் சத்தம் போடவில்லை. போனை எடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்துவிட்டாள். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆறு குடும்பத்தின் பணத்தையும் எடுத்தது நான்தான், வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. கடைக்குப் புதுக் கூரை போட்டேன். நூலகத்துக்கு நாற்பது நாற்காலி வாங்கிக் கொடுத்தேன். மிச்சம் எங்கே இருக்கிறது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அந்த முகவரிக்கு ஆறு சீட்டு கொடுத்தேன் சார். வாசித்துப் பார்த்தது அந்தப் பெண் ஒருத்திதான். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மறையூர் புறப்பட்ட அன்று அக்கா என் கடைக்கு வந்தாரா, வந்தபோது உண்மையைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லையா என்று கேட்டீர்கள். வந்தார். கையில் ஒரு பை, தலையில் ஒரு மூட்டை. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நீங்க செரியாத்தான் குடுத்தீங்க தம்பி. ஊட்டுக்குப் போயி நாந்தான் எங்கியோ எழுத்தைத் தப்பா அமுக்கிப்போட்டேனாட்ட இருக்குதுங்க. அஞ்சு ஊட்டையும் கெடுத்து, உங்க பேரையும் கெடுத்துப்போட்டனுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் எழுந்து குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். மூட்டையை வாங்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். “பரவால்லீங்க அக்கா, யாருக்கும் வர்றதுதான்” என்றேன். நீங்கள் நம்புவீர்களோ இல்லையோ, வாய்க்கு வந்ததை நான் சொல்லவில்லை. அன்றைக்கு அவரை நான் மனதார மன்னித்தேன்.