விரத நாளில் ஒரு தங்க ஏடு

வெக்ஸ்போர்ட் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். யன்னலோரம் இருந்தவரின் நெற்றியில் திருநீறு.

“சஷ்டி விரதத்தோட மாட்டுத்தோலைக் கண்ணில ஒத்திப் போட்டன், அக்கா.”

“என்னப்பா சொல்லுறாய்?”

“லைப்ரரியில பழங்காலத்து பைபிள் ஏடு ஒண்டு, எல்லாரும் தொட்டுப் பாக்கலாம் எண்டு வைச்சிருந்தவை. அச்சு வரமுதல் ஆரோ கையால எழுதி, மாதாவையும் குழந்தையையும் படமாக் கீறி, தலையைச் சுத்தித் தங்கம் ஒட்டினது. அப்பிடி மின்னுது! எந்தச் சாமி எண்டாலும் சாமிதானே. தூக்கிக் கண்ணில ஒத்திப்போட்டு வைச்சன். பிறகுதான் லைப்ரரிக்காரி வந்து சொல்லுறாள், அது கடதாசியில்லையாம், கண்டுக்குட்டியின்ர தோலாம்!”

“ஐயோ, முருகா! முகத்தையாவது கழுவினனியே?”

“இல்லை.”

“ஏன்?”

யன்னலோரம் இருந்தவர் திரும்பிக் கண்ணை மூடிக் காட்டினார். இமையில் ஒரு தங்கத் துணுக்கு மின்னியது. மற்றவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஆரும் இன்னும் காணேல்லை, அக்கா. அந்தக் குழந்தையின்ர தலையைச் சுத்தி இப்ப வெறுந்தோல்தான் கிடக்கு.”