சேறு வராத இருபத்து மூன்று நாட்கள்

நான் சுரங்கத்தில் பூச்சுத் தெளிப்பவரின் மனைவி. வயது நாற்பத்தாறு. தொழிலாளர் குடியிருப்பு, மூன்றாம் வரிசை, பதினோராம் வீடு. பள்ளிக்கூடம் போனதில்லை; பிள்ளைகளின் பாடப்புத்தகங்களை வைத்து நானே படித்துக்கொண்டேன். விசாரணை அதிகாரி முன் கடவுளுக்குப் பயந்து சொல்வதாவது:

வெட்டிய பாறையின் மேல் ரப்பர் போல இழுபடும் பூச்சை அடித்து, கல் உதிராமல் பிடித்து நிறுத்துவது என் கணவரின் வேலை. அடிக்கும் முன் தண்ணீர் பீய்ச்சிப் பாறையைக் கழுவ வேண்டும். தூசி மேல் அடித்த பூச்சு தூசியைத்தான் பிடிக்கும், பாறையைப் பிடிக்காது. கழுவிய நாளில் அவர் உடுப்பு சேறாக வரும், கழுவாத நாளில் வெறும் தூசியாக வரும். எங்கள் வரிசையில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்பதால், உடுப்பு எப்படி வந்தது, துவைக்க எத்தனை வாளி ஆனது என்று ஒன்பது வருடமாக நோட்டில் எழுதி வருகிறேன்.

சென்ற மாதம் நான்காம் தேதி முதல் உடுப்பு தூசியாகவே வந்தது. அதன் பிறகு கணவரிடம் கேட்டதில், கழுவிக் காயவிட நேரமில்லை என்று மேஸ்திரி தண்ணீர்க் குழாயையே கழற்றிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். அவருடன் வேலை செய்த நெட்டையன் எங்கள் வாசலில் நின்று மேஸ்திரி மாதிரியே பேசிக் காட்டினார்: "ஏம்ப்பா, பாறையப் பொண்ணு பாக்க வர்றாங்களா, குளிப்பாட்டி நிறுத்தறதுக்கு? அடிச்சுட்டுக் கெளம்பு." நானும் சிரித்தேன்.

ஓய்வு நாளும் இல்லாமல் இப்படியே நடந்து, இருபத்து மூன்றாம் நாளான இருபத்தாறாம் தேதி பகல் வேலையில் பூச்சு தோல் உரிவது போல உரிந்து, கல்லோடு நெட்டையன் மேல் விழுந்து, அவர் அங்கேயே இறந்தார். என் கணவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. விழுந்த பூச்சின் பின்பக்கம் முழுக்கத் தூசி அப்பியிருந்ததாகத் தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள்.

அதன் பிறகு இருபத்தெட்டாம் தேதி மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு ஒரு காகிதத்தோடு வந்தார். "ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான் அண்ணி. சும்மா ஒரு கைநாட்டு வைங்க" என்றார். வாங்கிப் படித்தேன். என் கணவர் தன் சோம்பலால் பாறையைக் கழுவாமல் விட்டார் என்று இருந்தது. "அண்ணின்னு வாய் நெறயக் கூப்பிட்டுட்டு, அண்ணனக் கொலைகாரன்னு எழுதிக் கொண்டாந்திருக்கியே, வெக்கமா இல்ல?" என்று கேட்டேன். காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நோட்டையும் அதையும் சேர்த்து இங்கே ஒப்படைக்கிறேன்.

இன்னும் ஒன்று. அந்தப் பூச்சு நிற்காது என்று என் கணவருக்குத் தெரியும். தெரிந்தே, வேலை போய்விடும் என்று பயந்து அடித்தார். நானும் தினமும் "தூசி" என்று எழுதினேனே தவிர, யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. இது உங்களுக்கே பாதகமாகும், வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். நெட்டையன் மனைவி நாளைக்கு இதைக் கேட்டு வாங்கிப் படிப்பாள், எழுதுங்கள் என்று சொன்னேன். எழுதினார்.

மேலே உள்ளது அத்தனையும் நடந்தது நடந்தபடி. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

(கையெழுத்து)