சிறுகுடல் வேஷம்

ராஜபாளையத்தில் பேருந்து ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

"எம் மக நாளைக்கு ஸ்கூல்ல சிறுகுடலா நடிக்கா" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"என்னட்டி சொல்லுத?" காராச்சேவு தின்றுகொண்டிருந்தவள் திரும்பினாள்.

"அறிவியல் பாடத்தை நாடகமா போடுதாக. ஒரு பிள்ளை பால்கோவா. அது வாயில இருந்து கிளம்பி, இரைப்பையத் தாண்டி, எம் மககிட்ட வரும்."

"அந்தப் பாடம்னாலே அழுவாளே உம் மக?"

"இப்ப அவ அப்பாவச் சாப்பிட விடமாட்டேங்கா. நேத்து அவுக அவசரமா முழுங்கவும் தட்டப் பிடிச்சுக்கிட்டா. 'பல்லு பாக்க வேண்டிய வேலைய என் தலையில கட்டாதீக, பொறவு நாந்தான் கெடந்து அல்லாடணும்'ங்கா."

மற்றவள் வாயிலிருந்த காராச்சேவை ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை மென்றுகொண்டிருந்தாள்.